ஊர் மாநகராட்சி ஆனா நம்ம கைவேலைக்கு என்ன ஆகும்? தாம்பரம் சைடு பிளம்பிங் கான்ட்ராக்டர் பதில் சொல்றார்

வணக்கம். குரோம்பேட்டைல ஹெல்பரா ஆரம்பிச்சு 20 வருஷத்துக்கு மேல இந்த பக்கம்தான் பிளம்பிங் பண்றேன். கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி (ஊரப்பாக்கம், பிளம்பர்): அண்ணா, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்ததுல இருந்து எங்க பாத்தாலும் ஃபிளாட்டுதான். ஆனா நமக்கு வேலை வரலையே?

தம்பி, பெரிய பில்டருங்க எல்லாம் அவங்க ஆளுங்கள கூட்டிட்டு வந்துடுவாங்க, நமக்கு கிடைச்சாலும் லேபர் ரேட்தான், அதுவும் பில் பாஸ் ஆகி காசு கைக்கு வர மாசக்கணக்காகும். நான் ஒரு தடவ அப்படி மாட்டி பொண்டாட்டி நகைய அடகு வெச்சு ஆளுங்களுக்கு கூலி குடுத்திருக்கேன். நம்ம சோறு தனி வீட்லதான் இருக்கு. 2024 ஜூலைல சுயசான்று முறை வந்துச்சுல்ல, 2500 சதுர அடி மனைக்குள்ள 3500 சதுர அடி வரைக்கும் தரைதளம் மட்டுமோ, தரைதளத்தோட ஒரு மாடியுமோ வீடு கட்டுறவங்க ஆன்லைன்லயே அனுமதி வாங்கிக்கலாம். முன்னாடி பிளான் பாஸ் ஆகட்டும்னு காத்துட்டு இருந்தவங்க இப்ப சீக்கிரம் கடக்கால் போடுறாங்க. அந்த வீடுங்கள கட்டுற மேஸ்திரிங்கள பழக்கம் பிடிச்சுக்கோ.

கேள்வி (செம்பாக்கம், கழிவுநீர் லாரி ஓட்டுறவர்): பாதாள சாக்கடை வந்தா என் பொழப்பு போயிடுமா?

மறைக்காம சொல்றேன், கனெக்‌ஷன் குடுத்த தெருவுல லோடு குறையும். 2021ல அஞ்சு நகராட்சி, அஞ்சு பேரூராட்சிய சேத்து தாம்பரம் மாநகராட்சி ஆக்குனாங்க, அதுல ஒவ்வொரு ஏரியாவும் ஒவ்வொரு நிலைமைல இருக்கு, அதனால ஒரே நாள்ல எல்லாம் நின்னு போகாது. வண்டி வெளிப்பக்க ஊராட்சிங்கள நோக்கி நகரும், அவ்ளோதான். ஆனா அதே சமயம் பிளம்பர், கொத்தனார், டைல்ஸ்காரர் மூணு பேருக்கும் நல்ல வேலை வரும். எப்படின்னா, ரோட்ல மெயின் லைன் போடுறது பெரிய கான்ட்ராக்டர், வீட்டுக்குள்ள இருந்து தெரு சேம்பர் (வீட்டு பைப்ப மெயின் லைனோட சேக்குற தொட்டி) வரைக்கும் இழுக்கறது நம்ம கை. பழைய வீட்ல பாத்ரூமும் செப்டிக் டேங்க்கும் கொல்லைல இருக்கும், சேம்பர் வாசல்ல இருக்கும், வாட்டம், அதாவது தண்ணி ஓடுற சரிவு, கிடைக்கணும்னா வீட்டு சைடு நடைபாதை ஃபுல்லா ஒடைச்சு பைப்ப கொண்டு வரணும். வாட்டம் சரியா இல்லேன்னா ஆறு மாசத்துல அடைச்சுக்கும், அவசரப்படாதீங்க. கடைசியா டேங்க்க காலி பண்ணி மண்ணு கொட்டி மூடணும், அந்த கடைசி லோடு உங்களுக்குத்தான். ஒண்ணு மட்டும் கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன், எவ்ளோ காசு தந்தாலும் ஆள டேங்க்குக்குள்ள இறக்காதீங்க. மனுஷன வெச்சு மலம் அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படி குற்றம், அதுக்கு முன்னாடி அது ஒரு குடும்பத்தோட உயிர்.

கேள்வி (மாடம்பாக்கம், வீட்டுக்காரம்மா): சில சமயம் ஒரு பிளம்பரும் ஃபோன் எடுக்க மாட்டேங்கறாங்களே, ஏன் சார்?

ஒரு உத்தரவு வந்தா எல்லாரும் ஒரே மாசத்துல கூப்பிடுறாங்கம்மா. 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம், இல்லேன்னா தண்ணி கனெக்‌ஷன் கட்னு சொன்னப்ப நாங்க ராத்திரி லைட் போட்டு குழி வெட்டுனோம். உங்க தெருவுல பைப் லைன் போட குறி போட்ட உடனே ஆள பேசி வெச்சுக்கோங்க.

கேள்வி (எலக்ட்ரீஷியன்): அப்ரூவல் இல்லாத மனைல வேலை எடுக்கலாமா?

2016ல ஐகோர்ட் தடையால அந்த மாதிரி மனைக்கு பத்திரப்பதிவு நின்னப்ப புறநகர்ல பாதி வேலை படுத்துருச்சு, அடுத்த வருஷம் அந்த மனைங்கள சட்டப்படி சரி பண்ணிக்கற வரன்முறை திட்டம் வந்த அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அட்வான்ஸ் வாங்காம தொடாதீங்க.

கேள்வி (ஐடிஐ முடிச்ச பையன்): புது ஏரியால செட்டில் ஆகணுமா, பழைய ஏரியாவா?

என்னைக் கேட்டா பழைய ஏரியா. 30 வருஷத்துக்கு முன்னாடி கட்டுன வீட்ல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசுன இரும்பு பைப்) துருப்பிடிச்சு போயிருக்கும், அத சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாத்தற வேலைக்கு எந்த ஆபீஸ் உத்தரவும் வேணாம், எந்த தடையும் அத நிறுத்தாது. அப்புறம் தம்பி, பிளான் பாஸ் பண்றப்ப கட்டுமான செலவுல 1 சதவீதம் நம்ம கட்டுமான தொழிலாளர் நலவாரியத்துக்குன்னு வசூல் பண்றாங்க. அது நம்ம பேர்ல வாங்குற காசு. 18 வயசு ஆயிடுச்சுன்னா இந்த வாரமே போய் பதிவு பண்ணிடு.