ஒரே கொள்ளைநோய், வெவ்வேறு மன அழுத்தம்: ஏன்?

கொள்ளைநோய்க் காலத்தில் ஒருவர் நிலைகுலைய, அடுத்த வீட்டுக்காரர் அமைதியாக இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மனத்திடம் என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிட முடியாது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்ணுக்கு நோயச்சத்தைவிட, இலையும் தூளும் வராமல் வெறுமையாகக் கிடந்த முறமே பெரிய கவலையாக இருந்திருக்கும். பாளையங்கோட்டையில் மாதச் சம்பளம் நிற்காத அரசு ஊழியருக்கோ, வீட்டிலிருக்கும் சர்க்கரை நோயாளித் தாயை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கும். ஆபத்தை உணர்ந்ததும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரப்பது பொதுவானதுதான். ஆனால் எவ்வளவு சுரக்கிறது, எவ்வளவு விரைவில் தணிகிறது என்பது மரபணு, சிறுவயது அனுபவம், முன்பே இருந்த மனநோய், தூக்கம், மனம்விட்டுப் பேச ஆள் இருப்பது (இதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்) ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.