வல்லாரை வளர்ப்பு: தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டர்பன் பெரியா மேட்டில் குடியிருக்கிறோம். நாள்தோறும் நீர் ஊற்றியும் வல்லாரை மஞ்சளாகிச் சுருங்குகிறதே?

குறை நீரில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அம்மேட்டின் செம்மணல் பார்வைக்கு வளமாகத் தோன்றினாலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. காலையில் ஊற்றிய நீர் விரைவிலேயே வேர்மட்டத்தைக் கடந்து கீழே இறங்கிவிடும். வல்லாரையின் கொடியோ தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, அந்த மேல்மண்ணை நம்பியே பிழைப்பது. ஆகவே ஒரு சாண் ஆழம் கொத்தி, மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து, பிற்பகல் வெயில் படாத இடத்தில் பாத்தி அமையுங்கள். கடும் வெயிலில் இலை சிறுத்துக் கசப்பேறும். சற்றே நிழல் கிடைத்தால் காம்பு நீண்டு இலை அகன்று, துவையலுக்கு ஏற்ற இளசாக இருக்கும். நீர் தேங்கி நாற்றமெடுக்கவும் விடாதீர்கள். விரலால் தொட்டால் மண் ஈரமாக ஒட்ட வேண்டும், நீர் கசியக் கூடாது.

விதை போடலாமா? எப்போது நடுவது?

விதை மெதுவாகவும் சீரில்லாமலும் முளைக்கும். வேர்விட்ட கணுவோடு கொடியை வெட்டி நடுவதே எளிது. தமிழ்நாட்டு நூல்களின் மாதக் கணக்கு இங்கே பொருந்தாது. குவாசூலு-நட்டாலில் செப்டம்பர் இறுதியில் நட்டால், அடுத்து வரும் கோடை மழை கொடியைத் தானே பரப்பிவிடும்.

கடற்கரை மணலில் படர்ந்திருப்பதும், புல்தரைக்குப் பதிலாக வளர்க்கும் 'வொண்டர் லான்' செடியும் வல்லாரைதானா?

இரண்டும் அல்ல. பறிப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கடற்கரைச் செடியில் காம்பு குடைக்கம்பி போல வட்ட இலையின் நடுவில் இணைந்திருக்கும். வொண்டர் லானின் இலை சிறியது, விளிம்பு வழவழப்பானது. வல்லாரையின் இலை சிறுநீரக வடிவம் கொண்டு, விளிம்பில் மழுங்கிய பற்களோடு இருக்கும்; அடிப்பகுதியில் உள்ள பிளவில்தான் காம்பு சேரும். ஐயம் இருந்தால் சமைக்க வேண்டாம்.

சாக்கடை ஓரத்தில் செழித்து வளர்ந்திருக்கிறது. பறித்து உண்ணலாமா?

கூடவே கூடாது. இக்கீரை மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளக் கூடியது. எத்தனை முறை அலசினாலும் அவை போகமாட்டா. கழிவுநீரிலுள்ள கிருமிகள் வேறு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் வீடுகளில் வல்லாரையைப் பெரும்பாலும் பச்சையாகவே அரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம் என்பதுதான். அங்கிருந்து கொடி எடுத்து நட நேர்ந்தால், தூய மண்ணில் புதிதாக விட்ட தளிர்களை மட்டுமே பறியுங்கள். கருவுற்ற பெண்களும் கல்லீரல் நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது.

ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் குளிர்காலத்தில் கருகிவிடுகிறது.

உறைபனி இலையைக் கருக்கிவிடும். அகலமான தொட்டியில் வளர்த்து, மே மாதத்தில் வடக்கு நோக்கிய சன்னலோரம் மாற்றுங்கள். தென்கோளத்தில் குளிர்காலச் சூரியன் அந்தப் பக்கம்தான் காயும். அம்மாதங்களில் நீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திவிடுங்கள்.