இடது பாதி வெட்டுப்பட்டால் வலது காலில் வலி தெரியாமல் போவது ஏன்?

தண்டுவடத்தின் இடது பாதி மட்டும் வெட்டுப்பட்டால் இடது கால் செயலிழக்கிறது, ஆனால் வலி உணர்வு வலது காலில் போய்விடுகிறது என்று புத்தகத்தில் படித்துவிட்டு, எப்படி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் புத்தகத்தில் தப்பில்லை. நரம்புப் பாதைகள் பக்கம் மாறும் என்பதோடு நிறுத்தாமல், எந்த உயரத்தில் மாறுகின்றன என்று பாருங்கள்.

இயக்கக் கட்டளை பெருமூளைப் புறணியில் (மூளையின் வெளியடுக்கு) கிளம்பி, முகுளத்தின் (மூளை தண்டுவடத்தோடு சேரும் பகுதி) அடிப்பகுதியிலேயே பக்கம் மாறிவிடும் (சுமார் 85–90 சதவீத இழைகள்). ஆக, தண்டுவடத்தின் இடது பாதியில் இறங்குவது பெரும்பாலும் இடது காலுக்கான கட்டளைதான். வலியும் வெப்பமும் அப்படியல்ல. வலது காலிலிருந்து வரும் சேதி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், ஓரிரு கண்டங்களுக்குள் (தண்டுவடத்தின் அடுக்குகள்) இடப்பக்கம் தாண்டி, அதன் பிறகே மூளைக்குள் உணர்வுச் சேதிகள் போய்ச் சேரும் தலாமஸை நோக்கி ஏறுகிறது. அந்த இடது பாதிதானே வெட்டுப்பட்டிருக்கிறது!

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: அதிர்வு உணர்வும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும். இவை முகுளம் வரை அதே பக்கமாகவே ஏறுவதால் இழப்பு இடது காலில்தான். தேர்வில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். லேசான தொடுதல் இரண்டு வழியிலும் போவதால் அநேகமாக முழுசாகப் போகாது.

இந்த நிலையின் பெயர் பிரவுன்-செகார் கூட்டறிகுறி. மூன்று பாதைகளையும் மூன்று நிறத்தில் ஒரே தாளில் வரைந்து, இடது பாதியில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.