ஜிம்மியின் ஊசியை மறுபடி போட வேண்டும்

தங்கச்சி, எங்கள் நாய் ஜிம்மிக்குத் தையில் விசர்நாய் ஊசி போட்டு, சித்திரையில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) வைத்தோம், ஆறு கிழமையில் லண்டனுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏலாது. சிப்புக்கு முன் போட்ட ஊசியைப் பிரித்தானியா கணக்கில் எடுக்காது. நாளைக்கே மறுபடி போடுங்கள். குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். விசர்நோய்க்கான எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகுக்குக் குறையக்கூடாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, நாலு மாதம் கட்டாயம்.

ஊசிக்கு முன் ஸ்கேனரைக் கழுத்தில் பிடிக்கச் சொல்லி, சிப்பின் 15 இலக்கத்தையும் ஊசி அட்டையோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் டொமியின் அட்டையில் ஒரு 6, 8 ஆகி, இரத்தப் படிவம் வரைக்கும் போய்விட்டது. அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

நீங்கள் முந்திப் போவதென்றால் ஜிம்மி அம்மாவோடு இருக்கட்டும். தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் உங்கள் பயணத்துக்கும் ஜிம்மியின் பயணத்துக்கும் இடையில் 5 நாள் தாண்டினால், வியாபாரத்துக்குக் கொண்டுபோகும் விலங்குகளுக்கான விதிகள் வந்துவிடும், அதனால் திரும்பி வந்து கூட்டிப்போங்கள். நாடாப்புழு மருந்தை, போய்ச் சேர்வதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்கு முன் கொடுக்க வேண்டும்.

பயணக் கூட்டை இப்பவே வாங்கி, கதவைத் திறந்தபடி ஹோலில் வையுங்கள். உங்கள் பழைய சட்டையை உள்ளே போட்டால் தானாகப் போய்ப் படுக்கும்.