ஆறு ஆண்டுக்குப் பிறகும் பயிற்சியா?

கேள்வி: ஃபார்ம்.டி. என்ற மருந்தாளுநர் பட்டப்படிப்பின் ஆறாம் ஆண்டில், மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கிறேன். பாடம் நடத்துவதிலும் பொது சுகாதாரத்திலும் எனக்கு ஆர்வம். அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தரும் பெல்லோஷிப் என்ற மேற்பயிற்சி இருக்கிறது என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். அப்பாவோ, "ஆறு வருடம் படித்தாயிற்று, மருந்துக்கடை வைத்துத் தருகிறேன்" என்கிறார். குறைந்த ஊதியத்தில் இன்னும் ஓரிரு ஆண்டு பயிற்சி தேவைதானா?
– ஒரு வாசகி, நாமக்கல்

அன்புள்ள தங்கைக்கு,

தேவைதான் என்றே நினைக்கிறேன். ஏன் என்று ஒரு மாத்திரையை வைத்துச் சொல்கிறேன். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். இது உங்களுக்கு எப்போதோ தெரியும். அட்டையில் 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று எழுதிக் கொடுத்து, மாத்திரை வாங்க வந்த அம்மாவையே திருப்பிச் சொல்லவைக்கத் தெரிந்தால் நீங்கள் நல்ல மருந்தாளுநர். அறுபது மாணவர்கள் ஆயுளுக்கும் அதை மறக்காதபடி சொல்லித்தருவது வேறு திறமை. மாவட்டத்தில் எந்தக் கடையிலும் அந்தத் தவறு நேராதபடி ஏற்பாடு செய்வது இன்னொன்று. பின்னவை இரண்டும் புத்தகத்தால் வருவதில்லை. நாம் செய்வதை அருகில் நின்று பார்த்துத் திருத்த ஒருவர் வேண்டும். நல்ல பெல்லோஷிப் தருவது அந்த ஒருவரைத்தான்.

அமெரிக்காவில் ரெசிடென்சி வேறு, பெல்லோஷிப் வேறு. ரெசிடென்சி என்பது நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி. முதல் ஆண்டு பொதுவானது, விரும்பினால் இரண்டாம் ஆண்டில் ஒரு சிறப்புத் துறை. பெல்லோஷிப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள், ஆராய்ச்சியை மையமாகக் கொண்டது. அவற்றில் பல மருந்து நிறுவனங்களோடு இணைந்தவை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1984 முதல் நடத்திவருவது அந்த வகையில் பெயர்பெற்றது. நீங்கள் தேடுவது அதுவல்ல. பார்மசி கல்லூரிகள் நடத்தும், வகுப்பறையும் சமூகப் பணியும் சேர்ந்த இடங்களைத் தேடுங்கள், எண்ணிக்கையில் குறைவு.

விண்ணப்பிக்கும் முன் அங்கே இப்போது பயிற்சியில் இருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் நீங்களே வகுப்பு எடுக்கிறீர்கள், யார் உட்கார்ந்து கவனிக்கிறார், வகுப்பு முடிந்ததும் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். பொது சுகாதாரப் பணி எந்த ஊரில், எந்த மக்களோடு என்றும் கேளுங்கள். "பேராசிரியரின் விடைத்தாள்களைத் திருத்துகிறேன், தரவுகளை ஏற்றுகிறேன்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விசாவைப் பற்றி முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டவருக்கு விசா ஏற்பாடு செய்ய முடியாது என்று பல இடங்களில் கைவிரித்துவிடுவார்கள். அங்கே மருந்தாளுநராக உரிமம் பெறவும் வழி நீளமானது. 2003-க்குப் பின் பட்டம் பெற்ற வெளிநாட்டவர் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும். நான்காண்டு பி.ஃபார்ம். அங்கே நின்றுவிடுகிறது, 2008-இல் இந்திய பார்மசி கவுன்சில் கொண்டுவந்த உங்கள் ஆறாண்டுப் படிப்புக்குக் கதவு திறந்திருக்கிறது. அதன் பிறகும் தகுதித் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, பயிற்சி மணிநேரம், உரிமத் தேர்வு என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டும். அப்பாவிடம் இந்தக் கணக்கை மறைக்காதீர்கள்.

விமான டிக்கெட் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தப் பயிற்சி ஆண்டில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவில் இருப்பீர்கள். மருந்தால் வரும் பக்கவிளைவுகளைத் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எழுதி அனுப்புங்கள். நோயாளிகளே நிரப்பக்கூடிய படிவம் தமிழிலும் இருக்கிறது. அதை வார்டில் நான்கு பேருக்கு விளக்கிப் பாருங்கள், உங்களுக்குச் சொல்லித்தர வருகிறதா என்பது தெரிந்துவிடும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. வீட்டுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா? போகாவிட்டால் ஏன்? உங்கள் துறைத்தலைவரின் அனுமதியோடு ஒரு கிராமத்தில் இதைக் கேட்டு முறையாக எழுதினால், எந்த நாட்டு நேர்காணலிலும் பேச உங்களிடம் சொந்தச் சரக்கு இருக்கும்.

அப்பா சொல்லும் மருந்துக்கடையையும் குறைவாக எண்ணாதீர்கள். 1996-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் நகராட்சி, சர்க்கரை நோயுள்ள தன் ஊழியர்களை மருந்துக்கடை மருந்தாளுநர்களிடம் தவறாமல் போய்வரச் செய்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மொத்த மருத்துவச் செலவும் குறைந்தது. அந்த மருந்தாளுநர்கள் அதற்கென்று தனியாகப் பயிற்சி பெற்றவர்கள். இந்தக் கதையை அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் பேசும் கடையும் நீங்கள் கேட்கும் பயிற்சியும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. ஓரிரு ஆண்டு அவகாசம் கேட்க அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

நான்கு பேருக்கு விளக்கிய பிறகு மறுபடியும் எழுதுங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.