ஓடுபாதை போனது, ஹோட்டல் நிற்கிறது

கேள்வி: எங்கள் ஊர் வினாடி வினாப் போட்டியில் 'உலகின் முதல் விமான நிலைய ஹோட்டல் எது?' என்று கேட்டார்கள். லண்டன் குராய்டன் என்று எழுதினேன். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு கட்டிய 'டியர்பார்ன் இன்'தான் சரி என்று மதிப்பெண் தர மறுத்துவிட்டார்கள். யார் சொல்வது சரி? கார் செய்கிறவருக்கு விமான நிலையத்தில் ஹோட்டல் எதற்கு?
(வாசகர், தேனி)

பதில்: மதிப்பெண் தந்திருக்க வேண்டும். டியர்பார்ன் இன் திறந்தது 1931 ஜூலை 1-ஆம் தேதி. குராய்டனின் புதிய முனையக் கட்டடமும் அதை ஒட்டிய ஏரோட்ரோம் ஹோட்டலும் 1928-லேயே வந்துவிட்டன. அமெரிக்காவுக்குள் மட்டும் பார்த்தாலும் ஃபோர்டு பிந்தியவர்தான். கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் விமான நிலையத்துக்குள்ளேயே 1929-ல் ஒரு ஹோட்டல் திறந்துவிட்டார்கள். அப்புறம் எப்படி டியர்பார்னுக்கு இந்தப் பட்டம்? ஃபோர்டு தொட்டால் அதுதான் முதல் என்று ஒரு பழக்கம். காரையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே! உண்மையில் காரைச் செய்த ஜெர்மானியர் கார்ல் பென்ஸ் பாவம்.

அதற்காக உங்கள் விடையையும் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். விமானம் இறங்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த சாதாரண விடுதிகளையும் கணக்கில் சேர்த்தால் குராய்டனும் பின்னால் போய்விடும். விமானப் பயணிகளுக்காகவே கட்டியது என்று கேள்வியில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது. கேள்வி எழுதியவர் அதைச் செய்யவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது.

ஃபோர்டு அந்தக் காலத்தில் வெறும் கார்க்காரர் அல்ல. 1924-ல் டியர்பார்னில் சொந்தமாக ஒரு விமான நிலையம் திறந்தார். மறு வருடம் வில்லியம் ஸ்டவுட்டின் விமானக் கம்பெனியை வாங்கினார். அதே வருடம் டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் நடுவில் தன் கம்பெனிச் சரக்கை ஆகாயத்தில் அனுப்பத் தொடங்கினார். 1926-ல் அரசாங்கத் தபாலும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம்தான் புகழ்பெற்ற ட்ரைமோட்டார் வந்தது. மூன்று எஞ்சின், உடம்பு முழுக்க நெளிநெளியான அலுமினியத் தகடு. நம் ஊர்க் கொட்டகைக் கூரைக்கு இறக்கை வைத்த மாதிரி இருக்கும். 'தகர வாத்து' என்று செல்லப் பெயர்.

அந்த வாத்துக்குள் உட்கார்ந்து பாருங்கள். ஒரு டஜன் பேருக்கு இடம், ஆரம்பத்தில் பிரம்பு நாற்காலிகள். மூக்கில் ஒரு எஞ்சின், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு. சத்தம் தாங்காமல் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டித்தான். மேகத்துக்கு மேலே போகும் உயரமும் கிடையாது. மழையும் காற்றும் உள்ள இடத்தில்தான் பறந்தாக வேண்டும். அப்படி நாலு மணி நேரம் குலுங்கிவிட்டு இறங்குகிறவருக்கு முதலில் வேண்டியது என்ன? வெந்நீர், சாப்பாடு, ஆடாத கட்டில்.

இன்னொரு சங்கடம், இரவு. தபால் விமானங்கள் விளக்குக் கம்பங்களை நம்பி இருட்டில் பறந்தன. பயணிகளை அப்படி ஏற்றப் பல கம்பெனிகளுக்குத் துணிச்சல் வரவில்லை. 1929-ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்க ஒரு கம்பெனி போட்ட திட்டத்தைக் கேளுங்கள். நியூயார்க்கிலிருந்து ஒஹையோ வரை ராத்திரி ரயில். பகலில் ட்ரைமோட்டாரில் ஓக்லஹாமா வரை. மறுபடி ராத்திரி ரயில். விடிந்ததும் மறுபடி விமானம், லாஸ் ஏஞ்சல்ஸ். மொத்தம் 48 மணி நேரம். இதற்குப் பெயர் விமானப் பயணம்! இன்று விமான நிலைய ஹோட்டல் என்றால் வசதி என்று நினைக்கிறோம். அன்று அது விமானத்தால் முடியாத வேலையைத் தரையில் செய்தது.

ஃபோர்டு இதைப் புரிந்துகொண்டார். ஓடுபாதைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் வாசல் என்கிற தூரத்தில் ஹோட்டலை வைத்தார். வரைபடம் போட்டது ஆல்பர்ட் கான். ஃபோர்டின் தொழிற்சாலைகளை இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டிக் கொடுத்தவர். அவரிடம் இங்கே கேட்டு வாங்கியது என்ன தெரியுமா? செங்கல் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக, 18-ஆம் நூற்றாண்டு ஜார்ஜியன் பாணி மாளிகை. எதிரே உலகத்தின் புத்தம் புதிய வாகனம் உறுமிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தாத்தா காலத்து வீடு. ஃபோர்டு முழுக்க அப்படித்தான். குதிரை வண்டியை ஒழித்தவரே பழைய வண்டிகளையும் வீடுகளையும் தேடிப் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்தார். 1937-ல் இந்த ஹோட்டல் வளாகத்திலும் பழைய அமெரிக்கப் பிரமுகர்கள் ஐந்து பேரின் வீடுகளை நகலெடுத்துக் கட்டி, தங்க விட்டார். கவிஞர் எட்கர் ஆலன் போவின் குடிசையும் அதில் ஒன்று. போ வறுமையில் வாடிய வீட்டின் நகலில் காசு கொடுத்துத் தூங்கலாம். நான் என்றால் இன்னொரு கவிஞரான வால்ட் விட்மன் வீட்டைக் கேட்பேன், அதுவும் இருக்கிறது.

சரி, ஃபோர்டுக்கே பறப்பதில் ஆசையா? அவர் முதன்முதலில் விமானம் ஏறியது 1927 ஆகஸ்டில், 64 வயதில். ஓட்டியவர் அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டிவந்த லிண்ட்பர்க். அதே விமானம், ஒருவர் மட்டும் உட்கார இடம். கோடீஸ்வரர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு போய்வந்தார்.

இனி வருவதை உங்கள் போட்டி நடத்தியவர்களிடமும் சொல்லுங்கள். ஹோட்டல் திறந்து இரண்டே வருடத்தில், 1933-ல், ஃபோர்டு விமானம் செய்வதையே நிறுத்திவிட்டார். மொத்தம் 199 ட்ரைமோட்டார்களோடு கணக்கு முடிந்தது. பொருளாதார மந்தம் ஒரு பக்கம். அதே வருடம் போயிங் 247 என்ற புது விமானம் வந்து தகர வாத்தைக் கிழடாக்கியது இன்னொரு பக்கம். 1947-ல் விமான நிலையமும் மூடப்பட்டது. விமான நிலையத்தை நம்பிக் கட்டிய ஹோட்டல் மட்டும் சாகவில்லை. நடந்து போகும் தூரத்தில் ஃபோர்டின் அருங்காட்சியகம் இருந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் இங்கே தங்கினார்கள். பெரும்பாலும் காரில் வந்திருப்பார்கள்! அண்மையில் பெரிய செலவில் புதுப்பித்துத் திறந்தும் விட்டார்கள். எதிரே ஓடுபாதை இருந்த நிலத்தில் இப்போது ஃபோர்டு கம்பெனி புதுக் கார்களை ஓட்டிச் சோதிக்கிறது.

மதிப்பெண் கேட்டுப் போகும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போங்கள். குராய்டன் 1928, டியர்பார்ன் 1931 என்ற இரண்டு வருடங்களையும் அடிக்கோடிட்டு வையுங்கள்.