துருத்தி தூங்கினால் பையாவ் வராது

கேள்வி: மாஸ்டர், மாமா விட்டுப்போன, இடது கைக்கு 48 பேஸ் பித்தான் உள்ள அக்கோடியன் வீட்டில் இருக்கிறது. தேவாலயத்தில் கீதம் வாசித்துப் பழகியவன் நான். இப்போது பிரேசில்காரர் லூயிஸ் கொன்சாகாவின் பையாவ் என்ற ஆட்ட மெட்டுகளைக் கேட்டு வாசிக்கிறேன். சுரம் பிசகவில்லை. ஆனாலும் ஞாயிறு பூசைப் பாட்டு மாதிரியே இருக்கிறதே? – வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, கீதத்துக்குத் துருத்தியை நீளமாக, ஒரே சீராக இழுப்போம். உங்கள் வலது கை பிரேசிலுக்குப் போய்விட்டது, இடது கை இன்னும் கோயில் வாங்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு.

நானும் ஏமாந்தவன்தான். கலியாண வீடுகளில் பைலா வாசித்த கை இது. பைலா போர்த்துக்கேயர் வழி வந்தது, பையாவும் அந்த மொழிக்காரர் ஊரது, இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பைலா ஆறாய் ஆடும், பையாவ் எட்டாய் நடக்கும்: தகிட தகிட தக.

ஒரு கிழமைக்கு வலது கையை மடியில் வையுங்கள். முதல் தகிடவின் தலையில் பேஸ் பித்தானை அழுத்துங்கள், இரண்டாவது தகிடவின் தலையில் மறுபடியும். கடைசித் தகவில் சும்மா இருங்கள். அழுத்தும்போதெல்லாம் துருத்தியை மணிக்கட்டால் சின்னதாக ஒரு வெட்டு வெட்ட வேண்டும். தாளத்தை அந்தக் காற்றுதான் போடுகிறது.

பிரேசிலின் வடகிழக்கில் அக்கோடியனோடு சபும்பா என்ற மேளமும் ஒரு முக்கோணக் கம்பியும் சேரும். சபும்பாவைத் தோளில் மாட்டி, மேல்தோலைத் தலை பருத்த கோலாலும் கீழ்த்தோலை மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். அதற்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். உங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிற பையன் ஒருவனைக் கூப்பிடுங்கள். அவனிடமும் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று என்று இரண்டு குச்சி இருக்கும். தடித்ததை இரண்டு தகிடவுக்கும் கொடுக்கட்டும், மெல்லியதைத் தகவுக்கு. தாளம் எண்ணும் மெட்ரோனோம் கருவியைவிட அவன் கெட்டிக்காரன்.

கொன்சாகா 1912இல் பெர்னம்புகோ மாநிலத்து எஷு என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அக்கோடியன் வாசிப்பவர், திருத்துபவரும்கூட. ரியோவுக்குப் போய் டாங்கோவும் வால்ட்ஸும் வாசித்துக் காசு சேர்த்த மகனிடம், வடகிழக்கிலிருந்து வந்த மாணவர்கள் சிலர் "எங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று வாசியுங்கள்" என்று கேட்ட பிறகுதான் அவர் பாதை மாறியது என்று சொல்வார்கள். நீங்கள் 1947இல் வந்த அவருடைய 'ஆசா பிராங்கா'விலிருந்து தொடங்குங்கள். வறட்சியில் ஊரைவிட்டுப் போகிறவனின் பாட்டு அது. பஞ்சத்தில் கடல் தாண்டி வந்தவர்களின் பேரன் நான். ஒரு சொல் புரியாமலே எனக்குத் தொண்டை அடைத்தது.

கேள்வி: வயலின் படிக்கிறேன். பையாவ் மெட்டுகளில் சிலது வாசஸ்பதி ராகம் மாதிரிக் கேட்கிறது. என் பிரமையா? – வாசகி, ஹட்டன்

பதில்: பிரமை இல்லை மகள், காது நல்ல காது. சீ (C) என்ற சுரத்தை ஆதாரமாக வைத்தால் எஃப் ஷார்ப்பும் பீ ஃபிளாட்டும் வரும். அதாவது பிரதி மத்திமமும் கைசிகி நிஷாதமும். மத்திமம் சுத்தமானால் அரிகாம்போதி. ஒரே மெட்டுக்குள் இரண்டு மத்திமமும் எட்டிப் பார்ப்பதுண்டு, ரசமே அங்கேதான். ஆனால் வயலின் பழக்கத்தில் கமகம் போட ஆசைப்படாதீர்கள், அக்கோடியன் கட்டை வளையாது. அப்புறம், இதை நாம்தான் அவர்களுக்குக் கொடுத்தோம் என்று மேடையில் யாரும் சொன்னால் கை தட்டாதீர்கள்.

கேள்வி: பனிக்காலத்தில் அக்கோடியன் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது. அடுப்படியில் வைத்துக் காய வைக்கலாமா? – வாசகர், மஸ்கெலியா

பதில்: ஐயோ, வேண்டாம்! காற்றில் அதிர்ந்து சுரம் தரும் ரீட் தகடுகளை மெழுகு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். சின்ன வயதில் லயத்துக் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் என் பெட்டியை வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் தூக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம், மூன்று தகடு கழன்று விழுந்திருந்தது. காய்ந்த இடத்தில், சுவரில் ஒட்டாமல், பெட்டியைக் கால் கீழே இருக்க நிறுத்தி வையுங்கள். சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போடுங்கள். மழை நாளிலும் பத்து நிமிஷம் வாசியுங்கள், காற்று ஓடினால் துரு கொஞ்சம் தள்ளிப் போகும். என் அந்தப் பழைய பெட்டியை எவ்வளவோ ஒட்டிப் பார்த்தும், இன்றைக்கும் ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்துகிறது.